அரேவிலிருந்து லிஸ்ட்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது

ஜாவா நிரல்மொழியில் ஒரு அரேவில் (நீளம் மாறாத வரிசையில்) இருக்கும் உறுப்புகளை லிஸ்டுக்குக் கொண்டுபோக அரை டஜன் வழிகள் உண்டு. ஏறக்குறைய எல்லாமே ஒரே வரியில் முடிந்துவிடும். எல்லாமே லிஸ்ட் என்ற வகையைத்தான் திருப்பித் தரும். குழப்பம் பிறப்பதும் அங்கேதான். லிஸ்ட் என்பது வெறும் இன்டர்ஃபேஸ், அதாவது என்னென்ன செய்யலாம் என்ற அறிவிப்பு. செய்து காட்டுவது ஒரு கிளாஸ். அதன் பின்னால் எந்த கிளாஸ் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று நீளும், ஒன்று நீளாது, ஒன்று மூல அரேவையே மாற்றிவிடும், இன்னொன்று எதையும் மாற்ற விடாது. எழுதிய கோடை (நிரலை) பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

அதனால் எந்தப் பிழையாக இருந்தாலும் முதல் வேலை இந்த ஒரு வரி ('பெயர்கள்' என்பது உங்கள் லிஸ்ட்):

சிஸ்டம்.அவுட்.பிரின்ட்எல்என்(பெயர்கள்.கெட்கிளாஸ்().கெட்நேம்());

வெளியே வருவது 'ஜாவா.யுடில்.அரேலிஸ்ட்' என்றால் கையில் இருப்பது முழுச் சுதந்திரம் உள்ள சாதாரண லிஸ்ட். 'ஜாவா.யுடில்.அரேஸ்$அரேலிஸ்ட்' என்று நடுவில் டாலர் குறியோடு வந்தால் அது 'அரேஸ்.ஆஸ்லிஸ்ட்' கொடுத்தது. பெயரின் கடைசிப் பகுதி ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு கிளாஸ். 'இம்யூட்டபிள்கலெக்ஷன்ஸ்$லிஸ்ட்12' அல்லது '$லிஸ்ட்என்' என்றால் 'லிஸ்ட்.ஆஃப்', 'லிஸ்ட்.காப்பிஆஃப்', ஸ்ட்ரீமின் (உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கடத்தும் வழியின்) 'டுலிஸ்ட்' போன்ற ஒன்றிலிருந்து வந்திருக்கும். 'கலெக்ஷன்ஸ்$அன்மாடிஃபையபிள்' என்று தொடங்கினால் வேறொரு லிஸ்டைப் படிக்க மட்டும் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். இனி அறிகுறிக்கு வருவோம்.

'ஆட்' அல்லது 'ரிமூவ்' செய்தால் அன்சப்போர்ட்டட்ஆப்பரேஷன்எக்செப்ஷன்

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. பெரும்பாலும் கோடு இப்படி இருக்கும் ('மூலம்' என்பது கையில் இருக்கும் அரேவின் பெயர்):

லிஸ்ட்<ஸ்ட்ரிங்> பெயர்கள் = அரேஸ்.ஆஸ்லிஸ்ட்(மூலம்);
பெயர்கள்.ஆட்("புதியவர்");

எக்செப்ஷன் (ஓடும்போது எறியப்படும் பிழை) வந்ததும் அச்சாகும் ஸ்டாக் டிரேஸை, அதாவது பிழை எந்த மெத்தட்கள் வழியாக வந்தது என்ற பட்டியலை, கவனியுங்கள். மேலே இரண்டு வரிகள் அடுத்தடுத்து 'அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட்.ஆட்' என்றே இருக்கும். மூன்றாவது வரியில்தான் உங்கள் கோடு வரும். 'அரேஸ்$அரேலிஸ்ட்' கிளாஸுக்குச் சொந்தமாக 'ஆட்' கிடையாது. தாய் கிளாஸான அப்ஸ்ட்ராக்ட்லிஸ்டில் இருக்கும் ஒற்றை உறுப்பு 'ஆட்', இன்டெக்ஸ் வாங்கும் 'ஆட்'டைக் கூப்பிடுகிறது. அது எக்செப்ஷனை எறிவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. அரேவின் நீளம் உருவாகும்போதே முடிவாகிவிடும். அதே அரேவின் மேல் போட்ட உறைதான் இந்த லிஸ்ட் என்பதால் இதுவும் நீள வழியில்லை.

சரிசெய்ய:

லிஸ்ட்<ஸ்ட்ரிங்> பெயர்கள் = நியூ அரேலிஸ்ட்<>(அரேஸ்.ஆஸ்லிஸ்ட்(மூலம்));

உள்ளே உறை, வெளியே உண்மையான நகல். உறுப்புகள் மொத்தமாக நகலாகின்றன. உறை போடும்போது எதுவும் நகலாவதில்லை, அதனால் உறைக்கென்று தனிச் செலவு என்று பயப்பட வேண்டாம். ஏற்கெனவே ஒரு லிஸ்ட் இருந்து அதன் கடைசியில் அரேவைச் சேர்க்க வேண்டுமென்றால் 'கலெக்ஷன்ஸ்.ஆட்ஆல்(பெயர்கள், மூலம்)' போதும்.

ஸ்டாக் டிரேஸின் உச்சியில் 'இம்யூட்டபிள்கலெக்ஷன்ஸ்.யூஓஇ' என்று இருந்தால் காரணம் வேறு. லிஸ்ட் 'லிஸ்ட்.ஆஃப்' மூலமோ ஸ்ட்ரீமின் 'டுலிஸ்ட்' மூலமோ வந்தது. இதில் 'செட்' கூட நடக்காது. நேற்றுவரை ஓடிய புரோகிராம் இன்று இப்படி விழுந்தால் சமீபத்திய மாற்றங்களில் ஒன்றைத் தேடுங்கள்: '.கலெக்ட்(கலெக்டர்ஸ்.டுலிஸ்ட்())' என்று இருந்ததை யாராவது, அல்லது ஐடிஇ (கோடு எழுத உதவும் மென்பொருள்) கொடுத்த பரிந்துரையை ஏற்று, '.டுலிஸ்ட்()' என்று சுருக்கியிருப்பார்கள். முன்னது இன்றைய ஜேடிகேக்களில் (ஜாவா உருவாக்கத் தொகுப்புகளில்) சாதாரண அரேலிஸ்ட் தருகிறது. பின்னது மாற்ற முடியாத லிஸ்ட் தருகிறது. முன்னதும் அரேலிஸ்ட்தான் தரும் என்று ஆவணம் எங்கும் உறுதி கொடுக்கவில்லை. மாற்றக்கூடிய லிஸ்ட் வேண்டுமென்றால் அதை வெளிப்படையாகக் கேட்பதே முறை:

.கலெக்ட்(கலெக்டர்ஸ்.டுகலெக்ஷன்(அரேலிஸ்ட்::நியூ))

டெஸ்டில் 'ரிமூவ்' வேலை செய்தது, உண்மையான தரவில் விழுகிறது

'அரேஸ்.ஆஸ்லிஸ்ட்' கொடுத்த லிஸ்டில் இல்லாத ஒரு உறுப்பை நீக்கச் சொன்னால் எக்செப்ஷன் வராது. அமைதியாக 'ஃபால்ஸ்' திரும்பும். உறுப்பைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் நீக்கும் முயற்சி நடக்கும், அப்போதுதான் எக்செப்ஷன். 'ரிமூவ்இஃப்'பும் அப்படியே: நிபந்தனைக்கு ஒன்றுகூடப் பொருந்தாதவரை எதுவும் தெரியாது. காலி லிஸ்டில் 'கிளியர்' செய்தாலும் சத்தமில்லாமல் போய்விடும். டெஸ்ட் தரவில் நீக்க வேண்டிய உறுப்பு ஒன்றாவது கட்டாயம் இருக்கட்டும். 'லிஸ்ட்.ஆஃப்' இந்த விஷயத்தில் நேர்மையானது: உறுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே எறியும்.

அரேலிஸ்டாக மாற்றிய பிறகு ஃபார்-ஈச் லூப்புக்குள் நீக்கினால் அடுத்ததாக கன்கரன்ட்மாடிஃபிகேஷன்எக்செப்ஷன் வரும். கடைசிக்கு முந்தைய உறுப்பை நீக்கினால் மட்டும் அது வராமல், கடைசி உறுப்பைப் பார்க்காமலேயே லூப் முடிந்துவிடும். எக்செப்ஷன் வருவதைவிட இது ஆபத்து. லூப்பை எடுத்துவிட்டு 'ரிமூவ்இஃப்' எழுதுங்கள்.

லிஸ்டை வரிசைப்படுத்தினால் அரேவும் மாறிவிடுகிறது

எக்செப்ஷன் இல்லை, விடை மட்டும் தப்பு. அதனால் கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்கும். 'அரேஸ்.ஆஸ்லிஸ்ட்' லிஸ்டில் 'செட்', 'சார்ட்', 'கலெக்ஷன்ஸ்.ரிவர்ஸ்', 'கலெக்ஷன்ஸ்.ஷஃபிள்' எல்லாம் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொன்றும் எழுதுவது மூல அரேவில். எதிர்த்திசையிலும் இதே கதை: அரேவில் மூலம்[0] மாறினால் லிஸ்டின் முதல் உறுப்பும் மாறும். மெத்தடுக்குள் வந்த அரேவை இப்படி லிஸ்டாக்கி வரிசைப்படுத்தினால் கூப்பிட்டவருடைய அரே கலைந்துபோகும், அவருக்கு ஏன் என்றே தெரியாது.

சோதிக்க: லிஸ்டில் ஒரு உறுப்பை 'செட்' செய்துவிட்டு 'அரேஸ்.டுஸ்ட்ரிங்(மூலம்)' அச்சிடுங்கள். அரேவிலும் மாறியிருந்தால் கையில் இருப்பது நகல் அல்ல. மருந்து மேலே சொன்னதே, 'நியூ அரேலிஸ்ட்<>' கொண்டு சுற்றுவது. லிஸ்டைப் படிக்க மட்டுமே போகிறோம், அரேவும் மாறக்கூடாது என்றால் 'லிஸ்ட்.ஆஃப்(மூலம்)' எழுதலாம். அது அரேவை நகலெடுத்துக்கொள்கிறது, பிறகு அரேவில் நடப்பது இங்கே எட்டாது. 'கலெக்ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்லிஸ்ட்(அரேஸ்.ஆஸ்லிஸ்ட்(மூலம்))' இந்தப் பாதுகாப்பைத் தராது. லிஸ்ட் வழியாக எழுத முடியாது, அவ்வளவுதான். அரே வழியாக மாற்றினால் லிஸ்டில் தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும்: இந்தப் பிணைப்பு குறை அல்ல, வேண்டுமென்றே அப்படிச் செய்தது. ஸ்ட்ரிங் அரேவை அதே இடத்தில் தலைகீழாக்க 'கலெக்ஷன்ஸ்.ரிவர்ஸ்(அரேஸ்.ஆஸ்லிஸ்ட்(மூலம்))' என்ற ஒரு வரியைவிட நல்ல வழி இல்லை.

ஐந்து எண்கள் இருக்கின்றன, 'சைஸ்' 1 என்கிறது

மூலம் இன்ட்[] வகை. அச்சிட்டால் எண்களுக்குப் பதில் '[[ஐ@' என்று தொடங்கும் ஏதோ ஒன்று வரும். 'கன்டெய்ன்ஸ்(40)' எப்போதும் 'ஃபால்ஸ்'. 'கலெக்ஷன்ஸ்.ஷஃபிள்' செய்தால் எண்கள் அசையாமல் அப்படியே இருக்கும்.

'ஆஸ்லிஸ்ட்' ஜெனரிக் மெத்தட், அதாவது பல வகைகளுக்கும் பொதுவாக எழுதியது. ஜெனரிக் வகைக்கு ஆப்ஜெக்ட் வகைதான் பொருந்தும், இன்ட் பொருந்தாது. ஆனால் இன்ட்[] என்ற முழு அரே ஒரு ஆப்ஜெக்ட். எனவே கம்பைலர் அந்த அரேவையே ஒரே உறுப்பாக எடுத்துக்கொண்டு லிஸ்ட்<இன்ட்[]> செய்கிறது. 'லிஸ்ட்.ஆஃப்' கொடுத்தாலும் இதே விளைவுதான். இடப்பக்கம் லிஸ்ட்<இன்டிஜர்> என்று எழுதியிருந்தால் 'இன்கம்பாட்டிபிள் டைப்ஸ்' என்று கம்பைலரே தடுத்துவிடும். 'வார்' என்று எழுதினாலோ, நேரடியாக இன்னொரு மெத்தடுக்குக் கொடுத்தாலோ தடை இல்லை, அங்கேதான் இது நழுவுகிறது. எண் அரேக்கள் புழங்கும் இடத்தில் 'வார்' வேண்டாம், வகையை எழுதிவிடுங்கள்.

சரியான வழி:

லிஸ்ட்<இன்டிஜர்> எண்கள் = அரேஸ்.ஸ்ட்ரீம்(மதிப்பெண்கள்).பாக்ஸ்ட்().கலெக்ட்(கலெக்டர்ஸ்.டுகலெக்ஷன்(அரேலிஸ்ட்::நியூ));

இன்ட்டை இன்டிஜர் ஆப்ஜெக்டாக்கும் (பாக்ஸிங்) 'பாக்ஸ்ட்' விட்டுப்போனால் இன்ட்ஸ்ட்ரீமில் ஒற்றை வாதம் வாங்கும் 'கலெக்ட்' இல்லை என்று கம்பைலர் திட்டும். 'அரேஸ்.ஸ்ட்ரீம்' ப்ரிமிட்டிவ் (ஆப்ஜெக்ட் அல்லாத அடிப்படை) வகைகளில் இன்ட், லாங், டபுள் மூன்றுக்கு மட்டும் உண்டு. சார்[] என்றால் அதை ஸ்ட்ரிங்காக்கி இப்படிப் போகலாம்:

நியூ ஸ்ட்ரிங்(எழுத்துகள்).சார்ஸ்().மேப்டுஆப்ஜ்(சி -> (சார்) சி)

இங்கே '(சார்)' என்ற காஸ்டை (வகைமாற்றத்தை) விட்டால் லிஸ்டில் எழுத்துகளுக்குப் பதில் 97, 98 போன்ற எண்கள் உட்கார்ந்துவிடும். பைட், ஷார்ட், ஃப்ளோட், பூலியன் ஆகிய நான்குக்கும் சுற்றிவளைக்காமல் லூப் எழுதிவிடுவதே தெளிவு:

லிஸ்ட்<பைட்> லி = நியூ அரேலிஸ்ட்<>(மூலம்.லெங்த்);
ஃபார் (பைட் பி : மூலம்) லி.ஆட்(பி);

இரு பரிமாண இன்ட் அரேவை ஒரே நீள லிஸ்டாக்க 'அரேஸ்.ஸ்ட்ரீம்(அட்டவணை).ஃப்ளாட்மேப்டுஇன்ட்(அரேஸ்::ஸ்ட்ரீம்).பாக்ஸ்ட்()' என்று தொடங்குங்கள்.

எண்கள் சரியாக வந்துவிட்டன, ஆனால் நீக்குவதும் ஒப்பிடுவதும் தப்பாகிறது

இன்டிஜர் லிஸ்டுக்கு வந்ததும் இரண்டு பழக்கங்கள் காலை வாரும். [5, 2, 9, 7] என்ற லிஸ்டில் 'லி.ரிமூவ்(2)' என்றால் 2 போகாது, 9 போகும். இன்ட் வாங்கும் 'ரிமூவ்' அதை இன்டெக்ஸாக எடுத்துக்கொள்கிறது. மதிப்பை நீக்க 'லி.ரிமூவ்(இன்டிஜர்.வேல்யூஆஃப்(2))'. பெரிய எண்ணாக இருந்தால் இன்டெக்ஸ்அவுட்ஆஃப்பவுண்ட்ஸ் எறிந்து காட்டிக்கொடுத்துவிடும். சிறிய எண்கள்தான் மறைந்து நின்று கெடுக்கும்.

இரண்டாவது, இன்ட் அரேவில் சரியாக இருந்த '==' லிஸ்டுக்கு வந்ததும் சில எண்களுக்கு மட்டும் பொய் சொல்லும். -128 முதல் 127 வரையிலான எண்களுக்கு பாக்ஸிங் ஒரே ஆப்ஜெக்டைத் திரும்பத் திரும்பத் தருகிறது, அதனால் '==' ஒத்துப்போகிறது. இந்த எல்லையைத் தாண்டினால் அந்த உத்தரவாதம் இல்லை. 'லி.கெட்(0).ஈக்குவல்ஸ்(லி.கெட்(1))' என்று எழுதுங்கள். 100க்குள் அடங்கும் மதிப்பெண்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இது ஒருநாளும் பிடிபடாது.

நல்பாயின்டர்எக்செப்ஷன்

எந்த வரியில் என்று பாருங்கள். நகலெடுக்கும் வரியிலேயே வந்தால் இரண்டு சாத்தியம். அரேவே 'நல்' (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) என்று இருக்கலாம். எந்த வழியில் போனாலும் அது விழும். அல்லது அரேவுக்குள் ஒரு உறுப்பு நல் என்று இருக்கலாம். 'லிஸ்ட்.ஆஃப்', 'லிஸ்ட்.காப்பிஆஃப்', 'கலெக்டர்ஸ்.டுஅன்மாடிஃபையபிள்லிஸ்ட்' மூன்றும் நல் உறுப்பை ஏற்காது. 'அரேஸ்.ஆஸ்லிஸ்ட்', அரேலிஸ்ட், ஸ்ட்ரீமின் 'டுலிஸ்ட்' ஏற்கும். 'லிஸ்ட்.ஆஃப்' தந்த லிஸ்டில் 'கன்டெய்ன்ஸ்(நல்)' என்று கேட்டாலே எக்செப்ஷன்தான், இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

நகலெடுத்து வெகுதூரம் போன பிறகு வந்தால் பெரும்பாலும் காரணம் பாதி நிரம்பிய அரே. 'நியூ ஸ்ட்ரிங்[100]' என்று எடுத்து 37 இடங்களை மட்டும் நிரப்பியிருப்பார்கள். மீதி 63 நல்களும் லிஸ்டில் ஏறிவிடும், 'சைஸ்' 100 காட்டும். நிரம்பிய எண்ணிக்கை தெரிந்தால் அதுவரை மட்டும் எடுங்கள்:

நியூ அரேலிஸ்ட்<>(அரேஸ்.ஆஸ்லிஸ்ட்(மூலம்).சப்லிஸ்ட்(0, எண்ணிக்கை))

நல்கள் நடுநடுவே சிதறியிருந்தால் 'அரேஸ்.ஸ்ட்ரீம்(மூலம்).ஃபில்டர்(ஆப்ஜெக்ட்ஸ்::நான்நல்)'. ஆனால் வடிகட்டும் முன் அந்த நல் ஏன் வந்தது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். சில சமயம் அது தரவு விட்டுப்போனதன் அடையாளம். வடிகட்டினால் அடையாளமும் அழிந்துவிடும்.

'இன்டெக்ஸ் 0 அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் ஃபார் லெங்த் 0'

ஜாவா 8இல் இதே பிழை 'இன்டெக்ஸ்: 0, சைஸ்: 0' என்று வரும். 'நியூ அரேலிஸ்ட்<>(மூலம்.லெங்த்)' என்று எழுதி, லூப்பில் 'லி.செட்(ஐ, மூலம்[ஐ])' செய்திருப்பீர்கள். அடைப்புக்குள் கொடுத்த எண் கொள்ளளவு மட்டுமே, அளவு அல்ல. இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, உறுப்பு ஒன்றும் இல்லை. 'செட்' இருக்கும் உறுப்பைத்தான் மாற்றும். 'ஆட்' என்று மாற்றினால் முடிந்தது.

'சிஸ்டம்.அரேகாப்பி'யை லிஸ்டின் மீது பயன்படுத்தினால் கம்பைல் ஆகிவிடும், ஏனென்றால் அதன் மூலமும் இலக்கும் ஆப்ஜெக்ட் வகை. ஓடும்போது அரேஸ்டோர்எக்செப்ஷன் விழும். 'அரேகாப்பி' அரேவுக்கும் அரேவுக்கும் இடையில் மட்டும் வேலை செய்யும். 'நியூ அரேலிஸ்ட்<>(மூலம்)' என்று அரேவை நேராகக் கொடுத்தால் கம்பைலே ஆகாது. அந்த கன்ஸ்ட்ரக்டர் கலெக்ஷனைத்தான் கேட்கிறது.

கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன்

'(அரேலிஸ்ட்<ஸ்ட்ரிங்>) அரேஸ்.ஆஸ்லிஸ்ட்(மூலம்)' என்று காஸ்ட் செய்ததன் விளைவு. பிழைச் செய்தியில் இரண்டு அரேலிஸ்ட் பெயர்களும் அருகருகே தெரியும், டாலர் குறி உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. காஸ்ட் செய்து ஒரு கிளாஸை இன்னொன்றாக்க முடியாது, நகலெடுங்கள். வேரியபிளை லிஸ்ட் என்றே அறிவித்தால் இந்தக் காஸ்டுக்கான தேவையே எழாது.

நகலெடுத்த பிறகும் ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறுகிறது

உறுப்புகள் ஸ்ட்ரிங்கோ இன்டிஜரோ என்றால் இது நேராது. நீங்கள் எழுதிய கிளாஸின் ஆப்ஜெக்ட்கள் என்றால் நேரும். மேலே சொன்ன எல்லா வழிகளும் ரெஃபரன்ஸை (ஆப்ஜெக்ட் இருக்கும் இடத்தைச் சுட்டுவதை) மட்டுமே நகலெடுக்கின்றன. லிஸ்ட் புதிது, உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட்கள் பழையவையே. 'மாணவர்கள்.கெட்(0).செட்மதிப்பெண்(90)' என்றால் அரேவின் முதல் மாணவருக்கும் 90 ஆகிவிடும். தனித்தனி ஆப்ஜெக்ட்கள் வேண்டுமென்றால் நகல் கன்ஸ்ட்ரக்டர் எழுதி '.மேப்(மாணவர்::நியூ)' வழியாக அனுப்புங்கள். கிளாஸை 'ரெக்கார்ட்' ஆக்கி மாற்ற முடியாததாகவே வைத்துவிட்டால் நகலுக்கே அவசியமில்லை. முடிந்த இடங்களில் அதுவே மேல்.

இதன் நெருங்கிய உறவு இன்னொன்று: லிஸ்டில் எல்லா வரிசைகளும் ஒரே மாதிரி, கடைசி மதிப்பையே காட்டுகின்றன. வரிசைமாற்றங்களைக் கணக்கிடும் ரிகர்ஷனில் (மெத்தட் தன்னையே கூப்பிடும் முறையில்) இது தவறாமல் தலைகாட்டும். ஒரே தற்காலிக அரேவை ஒவ்வொரு சுற்றிலும் நிரப்பி 'விடைகள்.ஆட்(தற்காலிகம்)' என்று சேர்த்தால், சேர்ந்தது ஒரே அரே பல முறை. 'விடைகள்.ஆட்(தற்காலிகம்.குளோன்())' என்று ஆக்குங்கள். தற்காலிகம் லிஸ்டாக இருந்தால் 'நியூ அரேலிஸ்ட்<>(தற்காலிகம்)'.

'கேனாட் ஃபைண்ட் சிம்பல்'

ஜாவா பதிப்பு பழையது. ஸ்ட்ரீம்கள் 2014இல் வந்த ஜாவா 8 முதல், 'லிஸ்ட்.ஆஃப்' 2017இன் ஜாவா 9 முதல், 'லிஸ்ட்.காப்பிஆஃப்' 2018இன் ஜாவா 10 முதல், ஸ்ட்ரீமின் 'டுலிஸ்ட்' 2021இன் ஜாவா 16 முதல். கணினியில் புதிய ஜேடிகே இருந்தும் பிழை வந்தால் பில்ட் ஃபைலில் 'ரிலீஸ்' எண் என்ன என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கே 8 என்று இருக்கும். 'அரேஸ்.ஆஸ்லிஸ்ட்'டும் 'கலெக்ஷன்ஸ்.ஆட்ஆல்'லும் இவை எல்லாவற்றுக்கும் மூத்தவை, இன்று புழங்கும் எந்தப் பதிப்பிலும் ஓடும்.

லிஸ்டாக்கியதும் மெமரி எகிறுகிறது

ப்ரிமிட்டிவ் அரேவில்தான் இது தெரியும். இன்ட்[]இல் ஓர் எண்ணுக்கு 4 பைட். லிஸ்டில் அதே எண் ஒரு இன்டிஜர் ஆப்ஜெக்ட். வழக்கமான 64-பிட் ஹாட்ஸ்பாட்டில் (ஜாவாவை ஓட்டும் மென்பொருளில்) ஆப்ஜெக்டுக்கு 16 பைட், அதைச் சுட்டும் ரெஃபரன்ஸுக்கு 4 பைட். 10 லட்சம் எண்கள் 4 எம்பியிலிருந்து சுமார் 20 எம்பிக்குப் போகும். கொள்ளளவு சொல்லாமல் ஒவ்வொன்றாக 'ஆட்' செய்தால் உள்ளே இருக்கும் அரே நிரம்பும்போதெல்லாம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக வளர்ந்து, பழையதை நகலெடுத்து, கடைசியில் கொஞ்சம் காலி இடத்தோடு நிற்கும். 'நியூ அரேலிஸ்ட்<>(மூலம்.லெங்த்)' அந்த வளர்ச்சிச் செலவை மிச்சப்படுத்தும், பாக்ஸிங் செலவைக் குறைக்காது. கூட்டுவது, சராசரி பார்ப்பது, பெரியதைத் தேடுவது மட்டும்தான் வேலை என்றால் லிஸ்டே வேண்டாம். 'அரேஸ்.ஸ்ட்ரீம்(மதிப்பெண்கள்).சம்()' போல அரேவின் மீதே நேராகச் செய்யுங்கள். லிஸ்ட் கேட்கும் மெத்தட் நீங்களே எழுதியதாக இருந்தால், இன்ட்[] வாங்கும்படி அதை மாற்றிவிடுவது இன்னும் நல்லது.